மரினர்ஸ்: மீதி 21 ஆட்டம், அட்டவணை நிஜமாவே சுலபமா?

கேள்வி | 5 செப்டம்பர் 2025, இரவு 8:50

நம்ம சியாட்டல் பேஸ்பால் அணி மரினர்ஸுக்கு அட்லாண்டாவிலும் முதல் ஆட்டம் போச்சு. 73 வெற்றி, 68 தோல்வி. நம்ம பிரிவுல, அதாவது லீக்ல நாம இருக்கிற அஞ்சு அணிக் குழுவுல, ஹூஸ்டன் மூணரை ஆட்டம் முன்னாடி நிக்குது. ஆனா கார்டினல்ஸ், ஏஞ்சல்ஸ், ராக்கீஸ் எல்லாம் நம்ம சியாட்டலுக்கே வராங்க, மீதி அட்டவணை ரொம்பச் சுலபம், பிரிவை ஜெயிச்சிடலாம்னு ஆபீஸ்ல ஒருத்தர் அடிச்சுச் சொல்றார். யாராவது உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தீங்களா?

5 செப்டம்பர், இரவு 11:40

போட்டேன் தம்பி. ரெண்டு நாளா அதுதான் வேலை.

எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுல மைதானத்துல கொடுத்த காந்த அட்டவணை ஒட்டியிருக்கு. சியாட்டல்ல நடக்கிற ஆட்டம் ஒரு நிறம், வெளியூர் இன்னொரு நிறம். ஏப்ரல்ல இருந்து ஒவ்வொரு கட்டத்துலயும் பென்சில்ல ஜெயிச்சா ஜெ, தோத்தா தோ போட்டுட்டு வரேன். ஆகஸ்ட் நடுவுல வெளியூர்க் கட்டங்கள் பூரா தோ, தோ, தோ. ஃபிலடெல்ஃபியாவுல மூணும் போச்சு. இந்த வாரம் தாம்பாவுல மூணும் போச்சு.

மீதி இதுதான். அட்லாண்டாவுல இன்னும் 2. 8 முதல் 10 வரை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ், 11 முதல் 14 வரை ஏஞ்சல்ஸ், இந்த ஏழும் சியாட்டல்ல. 15 ஓய்வு. 16, 17, 18 கான்சஸ் சிட்டி. 19, 20, 21 ஹூஸ்டன், இந்த ஆறும் வெளியூர். 22 ஓய்வு. 23 முதல் 25 வரை கொலராடோ ராக்கீஸ், 26 முதல் 28 வரை டாட்ஜர்ஸ், இதுவும் சியாட்டல்ல.

எதிரணி பேரை மட்டும் பார்த்தா சுலபம்னுதான் தோணும். ராக்கீஸ் இந்த வருஷத்தோட ஆக மோசமான அணி. ஆனா 2023 எனக்கு இன்னும் ஆறலை. அந்த வருஷம் கடைசி 10 ஆட்டமும் டெக்ஸாஸ் ரேஞ்சர்ஸ் கூடவும் ஹூஸ்டன் கூடவும்தான். டெக்ஸாஸ் போய் மூணும் தோத்து வந்தோம். 30 செப்டம்பர் ராத்திரி நான் மைதானத்துல இருந்தேன். நம்ம வாய்ப்பு அன்னிக்கு முடிஞ்சது. நம்ம புல்தரையிலயே ரேஞ்சர்ஸ்காரங்க கட்டிப்பிடிச்சுக் கொண்டாடினாங்க. 88 ஜெயிச்சும் ப்ளேஆஃப், அதாவது கோப்பைக்கான கடைசிச் சுற்றுகள், இல்லை. 2024-ல 85 ஜெயிச்சு ஒரே ஒரு ஆட்டத்துல போச்சு. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாம போறதை ரெண்டு வருஷம் தொடர்ந்து பார்த்தாச்சு.

அதனால என் கணக்கு 21-ல 13. மொத்தம் 86. ஹூஸ்டன் வழுக்கினா போதும், இல்லைன்னா வைல்ட் கார்டு, அதாவது பிரிவை ஜெயிக்காத நல்ல அணிகளுக்குக் கொடுக்கிற ப்ளேஆஃப் இடம். சமமா முடிஞ்சா 1995 மாதிரி ஒரே ஒரு கூடுதல் ஆட்டம் வெச்சு முடிவு பண்ணுவாங்க.

6 செப்டம்பர், காலை 7:15

திருத்தம். மேலே கடைசி வரி தப்பு. சுட்டிக்காட்டினவருக்கு நன்றி. கூடுதல் ஆட்டம் வைக்கிற முறையை 2022-லயே எடுத்துட்டாங்க. இப்போ ரெண்டு அணி சமமா முடிச்சா, அந்த சீசன்ல நேருக்கு நேர் யார் அதிகம் ஜெயிச்சாங்கன்னு பார்த்து முடிச்சிடுவாங்க.

இது சின்ன விஷயமில்லை. ஒரே பிரிவுல இருக்கிற அணியோட வருஷத்துக்கு 13 ஆட்டம். 2023-க்கு முன்னாடி 19 இருந்தது. இப்போ எல்லா அணியும் எல்லா அணியோடவும் மோதணும்னு மாத்தினதால 13 ஆச்சு. ஹூஸ்டனோட 10 முடிஞ்சு அஞ்சுக்கு அஞ்சுன்னு நிக்குது. அப்போ 19, 20, 21-ல ரெண்டு ஜெயிக்கிறவங்களுக்கு ஆட்டக் கணக்கும் கிடைக்கும், சமமானா உதவுற அந்தக் கூடுதல் பிடியும் கிடைக்கும். அந்த மூணு ஆட்டம் மூணு ஆட்டமே இல்லை, நாலுக்குச் சமம்.

1995-ஐ ஏன் இழுத்தேன்னா, இந்த ஊர்ல பேஸ்பால் பேசினா அது தானா வந்துடும். ஆகஸ்ட் தொடக்கத்துல 13 ஆட்டம் பின்தங்கியிருந்த அணி, ஏஞ்சல்ஸை எட்டிப் பிடிச்சு, 2 அக்டோபர்ல பழைய மைதானம் கிங்டோம்ல 9-1னு அடிச்சு ப்ளேஆஃப் உள்ளே போச்சு. பந்துவீச்சாளர் ராண்டி ஜான்சன் கடைசி வரைக்கும் அவரே போட்டார். நான் அப்போ விருதுநகர்ல ஸ்கூல் படிச்சிட்டிருந்தேன், பேஸ்பால்னா என்னன்னே தெரியாது. இங்கே வந்த முதல் வருஷம் பக்கத்து வீட்டுப் பெரியவர் அந்த ஆட்டத்தை ஒவ்வொரு இன்னிங்ஸா சொன்னார். அன்னிலேருந்து ஒட்டிக்கிச்சு.

7 செப்டம்பர், இரவு 10:00

அட்லாண்டாவுல நேத்து 10-2. இன்னிக்கு 18-2. பதினெட்டு! ரெண்டு கட்டத்துலயும் ஜெ போட்டேன்.

இப்போ எங்க அப்பா சொன்னதை எழுதியாகணும். ஜூலையில ஊர்லேருந்து வந்திருக்கார். முப்பது வருஷத்துக்கு மேல பஸ் டிப்போவுல டைம் கீப்பர். யார் எந்த வண்டி, யாருக்கு எப்போ ஓய்வு, எந்த டிரைவர் ராத்திரி ட்ரிப் முடிச்சு வந்தார்னு டூட்டி சார்ட் போட்ட கை அது. ஃப்ரிட்ஜ் அட்டவணையைக் கண்ணாடி போட்டுக்கிட்டு பத்து நிமிஷம் பார்த்தார். எதிரணி பேரையே கேட்கலை. கேட்டது ஒண்ணுதான்.

"ஏம்மா, இன்னிக்கு மத்தியானம் அந்தக் கோடியில ஆடிட்டு நாளைக்குச் சாயங்காலம் இந்தக் கோடியிலயா? எப்போ தூங்குவாங்க?"

நான் இவ்வளவு நாள் பார்க்காம விட்டது அதைத்தான். அட்லாண்டாவிலேருந்து சியாட்டல் அஞ்சு மணி நேரம் பறக்கணும், மூணு மணி நேர வித்தியாசம் வேற. லீக்லயே அதிக தூரம் பறக்கிற அணிகள்ல நம்ம அணி எப்பவும் முதல் வரிசையில இருக்கும். மூலையில உட்கார்ந்திருக்கோம், கிட்டத்துல இருக்கிற எதிரணி மைதானமே கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீட்டர். மில்வாக்கிக்காரன் சிகாகோவுக்குப் பஸ்லயே போய்டலாம்.

அப்பா பார்வையில ஹூஸ்டன் அட்டவணையையும் விரிச்சேன். இப்போ வெளியூர்ல டெக்ஸாஸ் முடிச்சு, டொராண்டோ போய், அங்கிருந்து அட்லாண்டா. திரும்பி வந்த உடனே 15-ஆம் தேதி ரேஞ்சர்ஸ். நமக்கு அன்னிக்கு ஓய்வு, அவங்களுக்கு ஆட்டம். அப்புறம் நாம. அதுக்கப்புறம் கடைசி 6 ஆட்டமும் அவங்களுக்கு வெளியூர்: சாக்ரமெண்டோ, அனாஹைம். நமக்குக் கடைசி 6-உம் சியாட்டல்.

சுலபமான்னு கேட்ட தம்பிக்கு இப்போ வேற பதில் சொல்றேன். எதிரணியால சுலபமில்லை. தூக்கத்தால சுலபம்.

11 செப்டம்பர், காலை 6:30

நேத்து வழக்கமான 9 போதாம 13 இன்னிங்ஸ். லியோ ரிவாஸ்! அவ்வளவா ஆடவே வாய்ப்பு கிடைக்காத பையன், அவன் அடிச்ச ஹோம் ரன்ல (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி எல்லையைத் தாண்டற அடி) 4-2. நான் கத்தின கத்துல மகள் ரூம்லேருந்து ஓடி வந்துட்டா. கார்டினல்ஸ் மூணும் நமக்கு.

பத்தாவது இன்னிங்ஸ்லேருந்து ரெண்டாவது பேஸ்ல ஒரு ஆளைச் சும்மா நிறுத்திட்டுத்தான் ஆரம்பிப்பாங்க, ஆட்டம் சீக்கிரம் முடியட்டும்னு வெச்ச விதி. அது இருந்தும் 13 வரைக்கும் போச்சு. ரெண்டு பக்கமும் பந்து போட்டவங்க அவ்வளவு கெட்டியா போட்டாங்க.

12 செப்டம்பர், காலை 6:45

நேத்து திரும்பவும் 12 இன்னிங்ஸ். ஹாரி ஃபோர்ட் உயரமா அடிச்சுக் கொடுத்த பந்துல ஒருத்தர் ஓடி வந்து 7-6. சந்தோஷம்தான், ஆனா கவலையும் இருக்கு. ரெண்டு ஆட்டத்துல 25 இன்னிங்ஸ். சாதாரணமா 18. ஏழு இன்னிங்ஸ் அதிகமா புல்பென், அதாவது நடுவுல வந்து போடற மாத்துப் பந்துவீச்சாளர்கள், தோள்ல ஏறியிருக்கு.

அப்பா கேட்டார், "ஸ்பேர் டிரைவர் வெச்சிருக்காங்களா?" இருக்கு. செப்டம்பர்ல மட்டும் அணியில 26 பேருக்குப் பதிலா 28 பேர் வெச்சுக்கலாம். அது போக நம்ம கீழ்நிலை அணி டக்கோமாவுல இருக்கு, கார்ல போற தூரம். காலையில கூப்பிட்டா சாயங்காலம் வந்து நிக்கலாம். தூரத்தால எவ்வளவோ கஷ்டப்படுற அணிக்கு இந்த ஒரு விஷயத்துல பக்கம்ங்கிறது பலம். அப்பா தலையாட்டினார். "அப்ப வண்டி நிக்காது."

14 செப்டம்பர், மாலை

ஏழுக்கு ஏழு. ஒன்பது தொடர் வெற்றி. ஃப்ரிட்ஜ்ல ஒரு வரிசை முழுக்க ஜெ. மகள் பென்சிலைப் பிடுங்கி ஒவ்வொரு ஜெ-வைச் சுத்தியும் வட்டம் போட்டுட்டா.

என் 13 கணக்கு தப்பாப் போகப் போகுது. தப்பாப் போகட்டும்னு மனசார வேண்டிக்கிறேன்.

15 செப்டம்பர் (ஓய்வு நாள்)

ஆட்டம் இல்லாத நாள் வீடே வெறிச்சுன்னு இருக்கு. எந்த ஆட்டத்துக்குப் போறதுன்னு முடிவு பண்ண உட்கார்ந்தோம். அப்பா அக்டோபர் நடுவுல ஊருக்குக் கிளம்பறார், அதுக்குள்ள ஒரு ஆட்டம் நேர்ல பார்க்கணும். நாலு பேருக்கு ஒரு தடவைதான் கட்டுபடியாகும்.

24 புதன் ராக்கீஸா, 28 ஞாயிறு டாட்ஜர்ஸா? புதன் மலிவு. ஆனா மறுநாள் ஸ்கூல். கடைசி நாள், மத்தியான ஆட்டம், முடிவே அன்னிக்குத்தான் வரும்னு நினைச்சு ஞாயிறு எடுத்துட்டேன்.

எப்படிப் போறதுன்னு கேட்டவருக்கு, இது 2025 செப்டம்பர் நிலவரம்: ஏரிக்கு அந்தப் பக்கம் பெல்வியூவிலேருந்து 550 பஸ் ஏறி ஊருக்குள்ள இறங்கி, அங்கேருந்து ரயில்ல ஸ்டேடியம் நிறுத்தம். ரெட்மண்ட்காரங்களுக்கு 545. ஏரியைத் தாண்டற ரயில் பாதை 2025 செப்டம்பர் வரைக்கும் திறக்கலை. கார் எடுத்துட்டுப் போனா நிறுத்தற காசுல இன்னொரு டிக்கெட் வாங்கிடலாம்.

இன்னொருத்தர் வெட்டுக்கிளி பத்திக் கேட்டிருக்கார். நிஜம்தான். வறுத்த வெட்டுக்கிளியை மிளகாய், எலுமிச்சை, உப்பு தூவி சின்னக் கப்புல விக்கிறாங்க, 2017-லேருந்து. நான் சாப்பிட்டிருக்கேன். மொறுமொறுன்னு புளிப்பா இருக்கும். அப்பாகிட்ட சொன்னேன், முகம் சுளிப்பார்னு நினைச்சா, "முதல் மழைக்கு ஈசல் பிடிச்சு வறுத்து பொரிகடலையோட திங்கலையா நாங்க?"ன்னுட்டார்.

17 செப்டம்பர், இரவு

நேத்து கான்சஸ் சிட்டியில 12-5, பத்தாவது தொடர் வெற்றி. நம்ம கேல் ராலி ரெண்டு ஹோம் ரன். இந்த சீசன்ல மொத்தம் 56. இடது, வலது ரெண்டு பக்கமும் நின்னு அடிக்கிறவங்கள்ல மிக்கி மாண்டில் 1961-ல அடிச்ச 54-தான் உச்சம், அதைத் தாண்டியாச்சு. நம்ம அணியில கென் கிரிஃபி ஜூனியர் 1997-லயும் 1998-லயும் அடிச்ச 56-ஐத் தொட்டாச்சு. இவன் கேட்சர்ங்கிறதை மறக்கக் கூடாது. ஆட்டம் பூரா குந்தி உட்கார்ந்து பந்து வாங்கறவன். கேட்சர்கள்ல இதுக்கு முன்னாடி உச்சம் சால்வடோர் பெரஸ் 2021-ல அடிச்ச 48. அந்த பெரஸ் நேத்து எதிரணியில இருந்தார்.

இன்னிக்கு 7-5 தோல்வி. ஒரு தோ. நாளைக்கு ஒரு ஆட்டம், அப்புறம் ஹூஸ்டன்.

18 செப்டம்பர், இரவு 9:30

2-0. நாம 84-69. ஹூஸ்டன் 84-69. அச்சு அசலா சமம்.

153 ஆட்டம் முடிஞ்சு, ஆறு மாசம் ஓடி, ரெண்டு அணியும் ஒரே கோட்டுல நின்னு, நாளைக்கு நேருக்கு நேர். அட்டவணை போட்டவங்க போன வருஷமே எழுதி வெச்சதுதான் இது. யாருக்கும் தெரியாது இந்த மூணு கட்டம் இப்படி ஆகும்னு.

ஒரு கவலை இருக்கு. ஹூஸ்டனுக்கு இன்னிக்கு ஓய்வு, நாம இன்னிக்கு ஆடிட்டுப் பறக்கிறோம். அப்பா கணக்குப்படி முதல் ஆட்டத்துல அவங்க கால் புதுசு. நான் 2-1 நமக்குன்னு போடறேன். முதல் ஆட்டம் போகும், அடுத்த ரெண்டும் வரும்.

19 செப்டம்பர், இரவு

4-0! முதல் ஆட்டம் போகும்னு நான் சொன்னது போச்சு.

ஆனா நம்ம பந்துவீச்சாளர் பிரையன் வூ அஞ்சு இன்னிங்ஸோட நெஞ்சுத் தசை இறுகிப் போய் வெளியே வந்துட்டார். இந்த வருஷம் பூரா ஆறு இன்னிங்ஸ், ஆறு இன்னிங்ஸ்னு மெஷின் மாதிரி போட்டவர். ஜெயிச்சும் அடிவயிறு கலங்குது. அட்டவணையை எவ்வளவு பார்த்தாலும் ஒரு தசை எப்போ இறுகும்னு அதுல எழுதியிருக்காது.

21 செப்டம்பர், இரவு 11:00

மூணும் நமக்கு.

சனிக்கிழமை 6-4, கடைசிப் பந்துக்கு விக்டர் ரோப்ளஸ் பாய்ஞ்சார் பாருங்க. தரையைத் தொடப் போன பந்து. ஓடி வந்து உடம்பை நீட்டி, கையுறை நுனியில பிடிச்சு, எழுந்த வேகத்துல எறிஞ்சு, பேஸை விட்டு ஓடிட்டிருந்தவனையும் அவுட்டாக்கி ஆட்டத்தையே முடிச்சிட்டார். அப்பா சோபாவிலேருந்து எழுந்து நின்னுட்டார். கபடியில கடைசி ஆளை மடக்கினா ஊர்ல எப்படிக் கத்துவாரோ அப்படி ஒரு கத்து.

இன்னிக்கு 7-3. ஜே.பி. கிராஃபோர்ட் மூணு பேஸும் நிறைஞ்சிருக்கும்போது ஹோம் ரன், ராலிக்கு 58. மூணு ஆட்டம் முன்னிலை, மீதி 6. சமமானாலும் நமக்குத்தான்.

2024 ஜூன்ல 10 ஆட்டம் முன்னிலையை ஒரு மாசத்துல கரைச்ச அணிதான் இதுன்னு ஒருத்தர் நினைவுபடுத்தியிருக்கார். மறக்கலை. அதனாலதான் கை நடுங்குது.

24 செப்டம்பர், இரவு 11:50

24 வருஷம்.

நேத்து எட்டாவது இன்னிங்ஸ்ல ஜாஷ் நெய்லர் அடிச்சதுல பேஸ்ல நின்ன மூணு பேரும் உள்ளே வந்து 4-3, ப்ளேஆஃப் உறுதி. இன்னிக்கு 9-2, பிரிவு நமக்கு. ராலி முதல் இன்னிங்ஸ்ல 59, எட்டாவதுல 60. கடைசியா பிரிவை ஜெயிச்சது 2001-ல, 116 ஜெயிச்ச அணி. ஜப்பான்லேருந்து நட்சத்திர ஆட்டக்காரர் இச்சிரோ வந்த வருஷம்.

நான் வேண்டாம்னு விட்ட புதன்கிழமை இதுதான். டிவியில பார்த்து அழுதேன். மகள் ஃப்ரிட்ஜ்கிட்ட போய் 24-ஆம் கட்டத்துல ஜெ போட்டு, இடம் இல்லாம பக்கத்துக் கட்டத்துலயும் சேர்த்து ஒரு நட்சத்திரம் வரைஞ்சா. இருக்கட்டும், ஸ்கூல் நாள்.

28 செப்டம்பர், இரவு

இன்னிக்குப் போய்ட்டு வந்தோம். தோல்விதான், டாட்ஜர்ஸ் மூணையும் எடுத்துட்டாங்க. 90-72. 21-ல 17. நான் போட்டது 13.

தோத்ததைப் பத்தி ஒரு வார்த்தையும் எனக்கு வருத்தமில்லை. டாட்ஜர்ஸ் பந்துவீச்சாளர் கிளேட்டன் கெர்ஷா இன்னிக்குப் போட்டார். ஓய்வு பெறப் போறேன்னு பத்து நாள் முன்னாடி அறிவிச்சவர், 18 வருஷமும் ஒரே அணி, ப்ளேஆஃபுக்கு முன்னாடி நடக்கிற வழக்கமான சீசன்ல இதுதான் அவரோட கடைசி ஆட்டம். ஆறாவது இன்னிங்ஸ்ல அவரை வெளியே எடுத்தப்போ நம்ம ஆளுங்க மொத்தப் பேரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க. எதிரணிக்காரர். அப்பாவுக்கு அவர் யாருன்னு தெரியாது, சுத்திப் பார்த்துட்டு அவரும் எழுந்தார். "ரிட்டையர்மெண்ட் நாளாம்மா?"ன்னு கேட்டார். ஆமாம்பான்னேன். உட்காரவே இல்லை, கடைசி வரைக்கும் தட்டினார். அந்த நேரம் பார்த்து வெளியே சரக்கு ரயில் நீளமா ஹாரன் அடிச்சுட்டுப் போச்சு. அந்த மைதானத்துக் கூரை குடை மாதிரி, மூடினாலும் பக்கவாட்டுல திறந்தே இருக்கும், தண்டவாளம் பக்கத்துலயே. அந்தச் சத்தம் எப்பவும் உள்ளே வரும்.

திரும்பி வரும்போது பஸ்ல அப்பா அடுத்தது எப்போன்னார். ப்ளேஆஃப் முதல் சுற்று நமக்கு இல்லை, முதல் ரெண்டு இடத்துல முடிச்ச பிரிவு வெற்றியாளருக்கு அது விலக்கு. கிளீவ்லண்ட், டெட்ராய்ட் ரெண்டுல ஜெயிக்கிறவங்க 4 அக்டோபர் சனிக்கிழமை சியாட்டல் வருவாங்க. நடுவுல அஞ்சு நாள் ஓய்வு.

"அஞ்சு நாளா?" அப்பா யோசிச்சார். "வண்டி அஞ்சு நாள் ஷெட்ல நின்னா, காலையில ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி ரெண்டு ரவுண்டு ஓட்டிப் பார்க்கணும். இல்லைன்னா முதல் ட்ரிப்ல இழுக்காது."

காந்த அட்டவணை 28-ஓட முடியுது. அக்டோபருக்குக் கட்டம் இல்லை. மகள் ஒரு வெள்ளைத்தாள் எடுத்து ஸ்கேல் வெச்சு கோடு போட்டுக்கிட்டிருக்கா.